படிக்கட்டின் குறுக்குவெட்டுப் படம் வரும்வரை பிளானை அனுப்பவில்லை

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு, 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் கட்டப்படும் வீட்டுக்கு, அது தரைத்தளத்தோடோ முதல் தளத்தோடோ நின்று 7 மீட்டர் உயரத்தைத் தாண்டாமல் இருந்தால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் உடனடியாகக் கட்டட அனுமதி கிடைத்துவிடுகிறது. அலுவலகத்துக்கு நடக்க வேண்டாம் என்பது பெரிய நிம்மதிதான். ஆனால், வரைபடத்தை வேறொருவர் சரிபார்த்துக் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பும் ஒரு படி இதில் இல்லை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. படிக்கட்டு ஏற முடியாததாக இருந்தாலும், கழிவுநீர்க் குழி அடுத்தவர் கிணற்றுக்கு அருகில் இருந்தாலும், உறுதிமொழியில் கையெழுத்திடுபவர் வீட்டுக்காரர்தான். ஆகவே மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட எங்கள் மனைக்குப் பிளான் வரைந்தபோது, அறைகளின் அமைப்பு முடிவான உடனே பதிவேற்றிவிடாமல், உயரத்தையும் சரிவையும் காட்டும் குறுக்குவெட்டுப் படம் ஒவ்வொரு இடத்திலும் ஒத்துவரும் வரை நிறுத்தி வைத்தோம். அப்படி நிறுத்தி வைத்ததில் மாறிய விவரங்களையே இங்கே எழுதுகிறேன்.

மனை ஐந்தரை சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் அது ஏறத்தாழ 2,396 சதுர அடி ஆகிறது. சுயசான்றின் வரம்புக்குள் அடங்குகிறது. எங்கள் பக்கத்தில் சாதாரணமாக விற்கும் ஆறு சென்ட் மனையோ 2,614 சதுர அடி என்பதால் அந்த வரம்புக்கு வெளியே போய்விடும். மனை வாங்கும் நிலையில் இருப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளலாம். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட வருவாய்க் கிராமங்களும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதால், எங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டோம். பட்டாவில் உள்ள பரப்பு, பத்திரத்தில் உள்ள பரப்பு, எஃப்.எம்.பி. எனும் நில அளவைப் புத்தக வரைபடத்தின் பக்க அளவுகள், மனையில் நிற்கும் எல்லைக்கற்கள் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அடுத்த வேலை. எங்களுக்குப் பொருந்தின.

வடக்கே சாலை, 40 அடி முகப்பு, 60 அடி ஆழம். தெற்கு நோக்கித் தரை இறங்குகிறது. எவ்வளவு இறங்குகிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிளான் வரைந்தவர் தரையை ஒரு நேர்கோடாகவே போட்டிருந்தார். கொத்தனாரின் டியூப் லெவலை வாங்கி நாங்களே அளந்தோம். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை நிரப்பி, இடையில் காற்றுக்குமிழி ஒன்றுகூட நிற்காதபடி தட்டி வெளியேற்றிவிட்டு, ஒரு முனையைச் சாலை ஓரத்துக் குச்சியிலும் மறுமுனையைப் பின் எல்லைக் குச்சியிலும் பிடித்தால், இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; அந்த மட்டத்திலிருந்து தரை வரை இரண்டு இடத்திலும் அளந்து கழித்தால் இறக்கம் தெரிந்துவிடும். 60 அடியில் 3 அடி இறக்கம் என்று வந்தது. அதாவது அடிக்கு ஏறத்தாழ அரை இஞ்சுக்குச் சற்று மேல். கண்ணால் பார்த்தால் தட்டை நிலம் போலத் தெரியும் மனை இது. அந்த 3 அடிதான் பிறகு பிளான் முழுவதையும் ஆட்டிவைத்தது.

முதலில் உயரம். முன்னால் 12 அடியும் பின்னால் 8 அடியும் பக்கங்களில் 5 அடி வீதமும் விட்டு, 30 அடி அகலமும் 40 அடி ஆழமும் கொண்ட தரைத்தளம். அதன் முன்பகுதியில் 25 அடி ஆழத்துக்கு மட்டும் முதல் தளம். பின்னாலுள்ள அடுக்களையும் வொர்க் ஏரியாவும் ஒற்றைத் தளம். முதல் வரைபடத்தில் இரு தளங்களுக்கும் அறை உயரம் 10 அடி, கான்கிரீட் தளம் 5 இஞ்சு, பேஸ்மட்டம், அதாவது வெளித்தரைக்கு மேல் வீட்டுத் தரை நிற்கும் உயரம், சாலைப் பக்கத்தில் 1 அடி 9 இஞ்சு. மாடித் தரையின் டைல்ஸுக்கும் அதற்கடியிலான கலவைக்கும் 2 இஞ்சு சேர்த்துக் கூட்டினால் முன்பக்கத்தில் 22 அடி 9 இஞ்சு வருகிறது; 7 மீட்டருக்குள் நிற்கிறது. ஆனால் இரட்டைத் தளப் பகுதி முடியும் இடத்தில் தரை 1 அடி 3 இஞ்சு தாழ்ந்திருப்பதால், அங்கிருந்து அளந்தால் 24 அடி, அதாவது 7.3 மீட்டர். சரிவான மனையில் எந்த மட்டத்திலிருந்து அளப்பது என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, எங்கிருந்து அளந்தாலும் 7 மீட்டரைத் தாண்டாதபடி அமைத்துக்கொள்வதே நல்லது என்று முடிவு செய்தோம்.

இரு தளங்களையும் ஒன்பதரை அடியாகக் குறைத்துப் பார்த்தபோது தாழ்ந்த முனையில் சரியாக 23 அடி வந்தது. அது 7.01 மீட்டர்! ஒரு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். மொட்டைமாடியில் பதிக்கும் தட்டோட்டின் கனம் அதில் இன்னும் சேரவில்லை என்பதை நினைத்தால் அப்படித் தோன்றாது. மாடி அறையின் உயரத்தை 9 அடி 3 இஞ்சாகவும் முன்பக்கப் பேஸ்மட்டத்தை ஒன்றரை அடியாகவும் ஆக்கியபோது 22 அடி 6 இஞ்சு கிடைத்தது. தட்டோட்டுக்கு 4 இஞ்சு கூட்டினாலும் 6.96 மீட்டர்தான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வசிப்பறைக்குக் கேட்கும் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், அதாவது 9 அடிக்குச் சற்றே மேல். பேஸ்மட்டத்துக்குக் கேட்பது 45 சென்டிமீட்டர். இரண்டையும் காப்பாற்றியாயிற்று. பத்தடி உயரம் இல்லாவிட்டால் வீடு வீடாகவே இருக்காது என்று சொன்ன உறவினர்கள், ஒன்பதரை அடி உயரமுள்ள தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து அதைச் சொன்னார்கள்.

உயரம் மாறினால் படிக்கட்டும் மாறும். முதல் வரைபடத்தில் படிக்கட்டு அறை 8 அடி நீளம். மேலே போகும் அம்புக்குறியோடு அழகாகக் கோடுகள் போடப்பட்டிருந்தன. அந்தக் கோடுகளை எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை. படிகள் திரும்பும் இடைமேடையான லேண்டிங்குக்கு 3 அடி போனால் மீதி 5 அடி; கால் வைக்கும் மிதிக்கு 10 இஞ்சு வைத்தால் ஆறு மிதிகள்; கடைசி மிதியிலிருந்து மேலே ஏறுவதையும் சேர்த்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஏழு ஏற்றம், இரு வரிசைக்கும் பதினான்கு. பழைய கணக்கில் தரையிலிருந்து மாடித் தரை வரை 127 இஞ்சு என்பதால் ஒவ்வொரு படியும் 9 இஞ்சுக்கு மேல் உயரும். உயரத்தைக் குறைத்த பிறகும் 121 இஞ்சைப் பதினான்கால் வகுத்தால் 8.6 இஞ்சு. குடியிருப்புக்கு 190 மில்லிமீட்டர், அதாவது ஏழரை இஞ்சுதான் உச்சவரம்பு. பதினாறு ஏற்றம் வைக்கலாம் என்று வரைந்தவர் சொன்னார், அது 7.56 இஞ்சு, 192 மில்லிமீட்டர், மயிரிழையில் வெளியே. முழங்கால் வலியுள்ள அம்மா இந்த வீட்டில்தான் இருக்கப் போகிறார் என்பதால் பதினெட்டு ஏற்றமாகவே வைத்தோம். படி ஒன்றுக்கு 6.7 இஞ்சு வந்தது. ஒரு வரிசைக்கு எட்டு மிதிகள், 80 இஞ்சு. லேண்டிங்கோடு சேர்த்து 9 அடி 8 இஞ்சு. கூடுதலாகத் தேவைப்பட்ட 1 அடி 8 இஞ்சை ஹாலிலிருந்துதான் எடுக்க முடிந்தது. ஹால் சிறுத்துவிட்டது என்ற குறை வீட்டில் இன்னும் தீரவில்லை.

படிக்கட்டுக்குச் செக்‌ஷன், அதாவது குறுக்குவெட்டுப் படம், போட்டபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. லேண்டிங்குக்கு அடியில் விருந்தினருக்கான கழிப்பறையை முதல் வரைபடம் காட்டியிருந்தது. பிளானில் அது நன்றாகவே தெரிந்தது. கதவு திறக்கிறது, கோப்பை இருக்கிறது, மூலையில் குழாய்கூட இருக்கிறது. ஆனால் லேண்டிங் நிற்பது ஒன்பது ஏற்றத்தின் உயரத்தில், ஏறத்தாழ 60 இஞ்சில். அதில் தளத்தின் 5 இஞ்சு கனத்தைக் கழித்தால் 55 இஞ்சு. நாலரை அடி உயரத்தில் ஒரு கழிப்பறை! கொத்தனார் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாரே, உள்ள போறவன் குனிஞ்சே போய் குனிஞ்சே வரணும்” என்றார். தரையைத் தாழ்த்தி உயரம் சம்பாதிக்கலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே தாழ்வு என்று தேடிக்கொண்டிருக்கும் ஊர் இது. அந்த இடம் இப்போது தேங்காயும் சாக்கும் போட்டு வைக்கும் இடமாக வரைபடத்தில் பதிந்திருக்கிறது.

அப்படியானால் கழிப்பறை எங்கே? அதைத் தீர்மானித்தது எங்கள் மனையே அல்ல. பின் எல்லைச் சுவருக்கு அப்பால், ஏறத்தாழ 10 அடியில், பின்வீட்டாரின் குடிநீர்க் கிணறு இருக்கிறது. அது எங்கள் எஃப்.எம்.பி.யிலும் இல்லை, பிளானிலும் இல்லை. சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். வழக்கம்போலக் கழிப்பறைகளைப் பின்பக்கம் வைத்து, செப்டிக் டேங்கையும், அதிலிருந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழியையும் பின்வாசலில் போட்டிருந்தார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே 14 அடிதான் இருந்திருக்கும். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2470, உறிஞ்சு குழி குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலையில் வீடு கட்டிய அத்தான், கேரளத்தில் ஏழரை மீட்டர் போதும் என்றார். அங்கத்திய கட்டட விதி அப்படித்தான் சொல்கிறது. எங்கள் 14 அடி அந்த ஏழரை மீட்டருக்கே எட்டாது. மேலும், செம்மண்ணும் சரளையும் கலந்த சரிவு நிலத்தில், கிணறு கீழ்ப்பக்கமும் குழி மேல்பக்கமும் இருக்கும்போது குறைந்தபட்சத்தை நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குழியை முன்னால், சாலை எல்லையிலிருந்து 5 அடி தள்ளிப் போட்டால் கிணற்றிலிருந்து 65 அடி, அதாவது 19.8 மீட்டர் கிடைக்கிறது. எதிர்வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் கிணறு எங்கெங்கே என்று கேட்டுப் பார்த்தோம். அந்த 18 மீட்டருக்குள் எதுவும் இல்லை. எங்கள் மனையில் கிணறு கிடையாது, குழாய்த் தண்ணீர்தான். ஆனால் கழிப்பறைகள் பின்னாலேயே இருக்க, குழியை மட்டும் முன்னால் கொண்டுவர முடியாது. 110 மில்லிமீட்டர் குழாயை 40க்கு 1 என்ற சரிவில் 42 அடி கொண்டுவந்தால் அதுவே 12 இஞ்சுக்கு மேல் இறங்கும். அதே தூரத்தில் தரையோ 2 அடிக்கு மேல் ஏறுகிறது. தொடக்கத்தில் மண்ணுக்கடியில் ஓரடி இருந்தாலே, டேங்கில் நுழையும்போது குழாய் 4 அடிக்கும் கீழே இருக்கும். அவ்வளவு ஆழத்தில் நுழைந்தால் டேங்கும் குழியும் அதற்கும் கீழே போக வேண்டும். எனவே கழிப்பறைகளையே முன்பக்கத்துக்கு, மேற்குச் சுவரோரமாக நகர்த்தினோம். படுக்கையறைக்கு ஒன்று, அதை ஒட்டியே பொதுவுக்கு ஒன்று, நேர் மேலே மாடிக்கு ஒன்று. மூன்றுக்கும் ஒரே குழாய்ப் பாதை, டேங்குக்கு 14 அடி தூரம், 4 இஞ்சு இறக்கம். ஒவ்வொன்றும் 7 அடிக்கு நாலரை அடி. குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்கு விதித்தொகுப்பு கேட்கும் 2.8 சதுர மீட்டரை இது சற்றே தாண்டுகிறது. முகப்பில் கழிப்பறையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. மேற்கு வெயிலையும் தென்மேற்குப் பருவமழையின் சாரலையும் படுக்கையறைச் சுவருக்குப் பதிலாகக் கழிப்பறைச் சுவர் வாங்கிக்கொள்வது உபரி லாபம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அதற்கான குழியைத் தாழ்வான பின்பக்கத்தில் காட்டினோம். கூரைத் தண்ணீர் தங்கள் கிணற்றுப் பக்கம் இறங்கும் என்பதில் பின்வீட்டாருக்கு மகிழ்ச்சி.

கூரையின் ஓரத்தில் மட்டும் தகராறு வர இருந்தது. சிட் அவுட்டுக்கு மேல் ஓடு பதித்த சரிவுக் கூரை வேண்டும் என்பது, இரு மாநிலத்திலும் உறவுள்ள எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் எழும் ஆசை. முதல் படத்தில் அதன் இறவாரம் 5 அடிப் பக்க இடைவெளிக்குள் இரண்டரை அடி நீண்டிருந்தது. இடைவெளிக்குள் நீட்சிகளுக்கு வரம்பு இருப்பது ஒருபுறம். இங்கே பெய்யும் மழையில் ஓட்டின் நுனியிலிருந்து சிதறும் தண்ணீர் அடுத்தவர் சுவரை நனைக்கும் என்பது மறுபுறம். இறவாரத்தை ஒன்றரை அடியாகக் குறைத்து, நுனியில் தண்ணீர்ப் பாத்தி வைத்து, அதன் இறங்கு குழாயையும் வரைபடத்தில் காட்டச் சொன்னோம். இடைவெளிகளை அளக்க வேண்டியது பூச்சு முடிந்த வெளிச்சுவரிலிருந்து என்பதையும் நினைவில் வைத்தோம். சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளந்து 5 அடி என்று எழுதிவிட்டால், 9 இஞ்சுச் சுவரில் பாதியும் அரை இஞ்சுப் பூச்சும் போய் நாலரை அடிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும்.

அறைகளுக்குள் உள்ளவற்றைக் காகிதத்தில் பார்த்துத் தீர்மானிக்க முடியவில்லை. மனையில் குச்சி நட்டுக் கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் தரைத்தளத்தைப் போட்டு, அம்மாவை உள்ளே நடக்கச் சொன்னோம். படுக்கையறையில் கட்டிலும் பீரோவும் வருமிடத்தைக் கோடு போட்டபோது, பீரோ ஜன்னலை முழுக்க மறைத்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த தட்பவெப்பத்துக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும். 12க்கு 11 அடி அறைக்கு அது 22 சதுர அடி. வரைந்திருந்தது நாலரைக்கு நாலடி ஜன்னல் ஒன்று, 18 சதுர அடி மட்டும். பீரோவைக் கிழக்குச் சுவருக்கு மாற்றி, வடக்கில் மேலும் ஒரு சிறு ஜன்னலைச் சேர்த்தோம்.

“பிளான் கவர்மெண்டுக்கு, வீடு நமக்கு” என்பது எங்கள் ஊரில் புழங்கும் பேச்சு. அனுமதிக்கு ஒரு படம், கொத்தனாருக்கு இன்னொரு படம் என்று வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். வங்கிக் கடனில் கட்டுபவர்களுக்கு அது ஒத்துவராது. ஒவ்வொரு தவணைக்கும் முன் வந்து பார்க்கும் வங்கிப் பொறியாளரின் கையில் இருப்பது அனுமதி பெற்ற படம்தான். படிக்கட்டு 1 அடி 8 இஞ்சு நீண்டாலும் கழிப்பறை முகப்புக்கு வந்தாலும் அவர் கேட்பார், திருத்திய படத்துக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருக்கும். பில்லர்களின் இடங்களையும் இதனால்தான் முன்னதாகவே குறித்து வாங்கினோம். கட்டமைப்புப் பொறியாளர் பிறகு வந்து ஒரு பில்லரைக் கார் போர்ச்சின் நடுவில் நிறுத்தினால் அப்போது எதையும் நகர்த்த முடியாது.

பதிவேற்றிய தாளில் கடைசியாக இருந்தவை மனைப் படம், இரு தளங்களின் பிளான், சாலைப் பக்கத் தோற்றம், படிக்கட்டை வெட்டிக் காட்டும் ஒரு செக்‌ஷன், முன்னிருந்து பின்னாக மனைச்சரிவைக் காட்டும் இன்னொரு செக்‌ஷன், டேங்கும் குழிகளும் அவற்றிலிருந்து பின்வீட்டுக் கிணற்றுக்குள்ள தூரமும். அடுக்களை மேடையின் வடிவம், மின் இணைப்புப் புள்ளிகள், டைல்ஸ், கதவின் மரம் ஆகியவற்றைச் சேர்க்கவில்லை. அவை அனுமதியைத் தொடாமல் எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியவை. அடுக்களை மேடை இதற்குள் ஒருமுறை மாறியும்விட்டது.